காத்திருப்புக்குக் கூலி யார் தருவார்? மன்னார்க் கரையின் கடுகதிச் சரக்கு வாகனங்கள்

1. கேள்வி

பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் பேசாலையிலிருந்தும் பள்ளிமுனையிலிருந்தும் புறப்படும் கூலர் வாகனங்கள் மன்னார்த் தாம்போதியைக் கடந்து பெருநிலப்பரப்பில் ஏறுகின்றன. வங்காலைப் பக்கத்து வாகனங்கள் அக்கரையில் சேர்ந்துகொள்ள, சிலாபத்துறையிலிருந்து வருபவை முருங்கனில் ஏ-14 வீதிக்கு ஏறுகின்றன. மடு வீதிச் சந்தியை அடுத்துள்ள பறையனாளங்குளத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வவுனியாவுக்குப் போகும் சுமை அங்கே ஏ-30 இல் திரும்பும். கொழும்புச் சுமை மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டு பேலியகொடை மத்திய மீன் சந்தைக்குப் போகும். மன்னார் நகரிலிருந்து ஏறத்தாழ 315 கிலோமீட்டர். விடியுமுன் மொத்த வியாபாரம் முடிந்துவிடும் சந்தை அது. பிந்தி வந்த மீனுக்கு மறுநாள் விலைதான்.

இந்த வாகனங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. தான் கொள்வனவு செய்த மீனைத் தானே ஏற்றிச் செல்லும் வியாபாரியின் லொறி ஒரு வகை. பிறருடைய மீன், நண்டு, இறால், கணவாயைக் கூலிக்கு ஏற்றிச் செல்பவரின் வாகனம் இன்னொரு வகை. இரண்டாமவரிடம் வழக்கமாக ஒரு கன்டர், ஒரு பொலேரோ, உள்ளூர் ஓட்டத்துக்கு ஒரு பட்டா என்று சில வாகனங்கள் இருக்கும். அவர் மீனில் முதல் போடுவதில்லை. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர் விற்கும் சேவை. உலகெங்கும் கடுகதிச் சரக்குத் தொழில் என்று பேசப்படுவதன் மன்னார் வடிவம் இதுதான்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே. வீதி திருந்திவிட்டது, பாலம் வந்துவிட்டது, சந்தையில் கேள்வியும் இருக்கிறது. அப்படியிருந்தும் இத்தகைய சிறு வாகனத் தொகுதி ஒன்று எதனால் நிலைக்கிறது, எதனால் சரிகிறது?

2. இதுவரை தரப்பட்ட விளக்கங்கள்

வடபகுதிக் கரையோரப் பொருளாதாரம் பற்றிய எழுத்துகளில் இக்கேள்விக்கு நேரடி விடை குறைவு. ஆனாலும் மூன்று விளக்கங்களை அவற்றிலிருந்து பிரித்தெடுக்கலாம்.

முதலாவது, உட்கட்டமைப்பு விளக்கம். போரும் அறுந்த பாதைகளும்தான் வடக்கைச் சந்தையிலிருந்து துண்டித்தன. பாதை சீரானால் வணிகம் தானே வளரும் என்பது அதன் சாரம். 2009 க்குப் பின் வந்த அரச அறிக்கைகளிலும் உதவி நிறுவனங்களின் ஆவணங்களிலும் இந்தத் தொனியே மேலோங்கியிருந்தது.

இரண்டாவது, வளம் பற்றிய விளக்கம். ஜோரி ஸ்கோல்டன்ஸ், மார்ட்டன் பாவிங்க், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஏ. எஸ். சூசை ஆகியோர் பாக்கு நீரிணையில் தமிழக இழுவைப் படகுகளின் ஊடுருவல் பற்றி 2012 இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல உதாரணம். கரைக்கு வரும் மீனே நிச்சயமற்றதாக இருக்கையில் கரைக்கு அப்பாலுள்ள தொழில்கள் எப்படி நிலைபெறும் என்ற கேள்விக்கு அவ்வகை ஆய்வுகள் வாசகரைக் கொண்டுவருகின்றன.

மூன்றாவது, உறவும் கடனும் பற்றிய விளக்கம். முற்பணம் கொடுத்த முதலாளிக்கே மீனைக் கொடுக்க வேண்டிய கட்டு, அந்த முதலாளியின் மீனை அவர் சொல்லும் வாகனமே ஏற்றும் வழக்கம் ஆகியவை இதன் மையம். திருகோணமலைக் கரையோரம் பற்றிக் காயத்திரி லொக்குகே 2017 இல் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வு, மீன் வணிகத்தின் வலைப்பின்னல்களில் இனம், பால், ஊர் ஆகிய அடையாளங்கள் எவ்வளவு ஆழமாக வேலைசெய்கின்றன என்று காட்டியது. வடக்கின் கூட்டுறவுகளையும் கடன் சுமையையும் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் அகிலன் கதிர்காமரின் கவனமும் இந்தப் பக்கமே.

மூன்றும் உண்மையின் பகுதிகள். ஆனால் மூன்றுமே வாகனத்தை வெறும் இணைப்பாக, கரைக்கும் சந்தைக்கும் நடுவே தானாக ஓடுகின்ற ஒன்றாகக் கருதிக் கடந்துவிடுகின்றன. வாகனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் பெரும் பங்கு வகிப்பது ஓட்டமல்ல, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அது நிற்கின்ற நேரம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

3. பாதையின் வரலாறு என்ன சொல்கிறது?

மன்னார் ஒரு காலத்தில் தெற்காசியாவின் மிக வேகமான பாதைகளில் ஒன்றின் மேல் இருந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. இருபுறமும் புகையிரதம் காத்திருக்க, தபாலும் பயணிகளும் பொதிகளும் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ஒரே சீட்டில் ஓடின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் சேவை இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980 களின் தொடக்கத்தில் நின்றுபோனது. 1990 இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. அதே ஆண்டில் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களிலிருந்து வணிகத்தில் பழகிய குடும்பங்களும் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போயின. வணிக வலைப்பின்னலின் ஒரு பெரும் பகுதி ஒரு மாதத்துக்குள் இடம்பெயர்ந்தது.

போரின் இறுதி ஆண்டுகளில் மதவாச்சிச் சோதனைச் சாவடி இந்தத் தொழிலுக்குப் பெரும் தடையாக இருந்தது. வடக்கிலிருந்து வரும் பொருளை அங்கே இறக்கி, சோதித்து, வேறு வாகனத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஐஸ் போட்ட மீனுக்கு இதைவிடக் கொடுமையான நடைமுறை வேறில்லை. பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஐஸ் கரைகிறது.

பின்னர் நிலை மாறியது. 2010 மார்ச்சில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலமும் தாம்போதியும் திறக்கப்பட்டன. மதவாச்சியிலிருந்து மடு வீதி வரையான 43 கிலோமீட்டர்ப் புகையிரதப் பாதை 2013 மேயில் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மடு வீதி நிலையமே பாதையின் கடைசித் தரிப்பாக இருந்தது. மீதி 63 கிலோமீட்டரும் முடிந்து, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னாரில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி புகையிரதத்தைக் கொடியசைத்து அனுப்பினார்.

ஆனால் மீன் தண்டவாளத்துக்குத் திரும்பவில்லை. புகையிரதம் தன் நேர அட்டவணைக்குப் புறப்படுகிறது. மீனவர் கடலின் அட்டவணைக்குக் கரை சேருகிறார். படகு ஒரு மணித்தியாலம் பிந்தினால் புகையிரதம் நிற்காது, வாகனம் நிற்கும். அதனாலேயே வாகனம் வென்றது. உட்கட்டமைப்பு விளக்கம் தவறவிடும் இடமும் இதுவே. நல்ல வீதி ஓட்ட நேரத்தைக் குறைத்தது. காத்திருப்பு நேரத்தை அது தொடவில்லை.

மன்னாரையும் புத்தளத்தையும் கரையோரமாக நேரே இணைக்கும் மறிச்சுக்கட்டி–இலவங்குளம் பாதை பற்றிய விவாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அது வில்பத்துத் தேசியப் பூங்காவை ஊடறுப்பதால் சூழலியலாளர்கள் எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். அப்பாதை திறந்தால் தூரம் கணிசமாகக் குறையும் என்பதில் ஐயமில்லை. எனினும் சந்தை விடியுமுன்தான் கூடுகிறது. முன்கூட்டியே போய்ச் சேரும் வாகனம் சந்தை வாசலில் நிற்கும். மிச்சமாவது டீசலே.

4. பெட்டிக்குள் நடப்பது

கடுகதி என்ற தேவை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வாகனத்தின் பின்கதவைத் திறக்க வேண்டும்.

வாடியில் நிறுக்கப்பட்ட மீன் ரெஜிபோம் பெட்டிக்குள் அல்லது பிளாஸ்டிக் கூடைக்குள் போகிறது. அடியில் ஒரு படை நொருக்கிய ஐஸ், அதன் மேல் ஒரு படை மீன், மறுபடி ஐஸ். மேலே தாராளமாக ஐஸ் தூவி மூடியை இறுக்கி நாடா ஒட்டுகிறார்கள். அனுபவமுள்ள கை பாரையையும் விளைமீனையும் வயிறு கீழ்நோக்க அடுக்கும். கரையும் நீர் வயிற்றில் தேங்கினால் சந்தையில் மீனின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதன் பின்னால் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ மீனை 30 பாகை செல்சியசிலிருந்து 0 வரை இறக்க ஏறத்தாழ 24 கிலோகலோரி போதும். அப்படியானால் 100 கிலோ மீனைக் குளிர்விக்க 30 கிலோ ஐஸ் கணக்குப்படி போதுமானது. ஆனால் வெப்பநாடுகளில் மீனும் ஐசும் சரிக்குச் சரி என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மீதி 70 கிலோ எதற்கு? வெளிவெப்பத்துக்கு. பெட்டிச் சுவர் வழியாகவும் திறக்கும் கதவு வழியாகவும் நிற்கும் நேரம் வழியாகவும் உள்ளே வரும் வெப்பத்துக்கு.

மீன் பழுதடையும் வேகம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. மீன் பதப்படுத்தல் துறையில் பயன்படும் எளிய சூத்திரத்தின்படி, 0 பாகையில் வைத்த மீனைவிட 5 பாகையில் வைத்தது இரண்டேகால் மடங்கும், 10 பாகையில் வைத்தது நான்கு மடங்கும் விரைவாகக் கெடும். ஆகவே வாகனம் வீதியில் ஒரு மணித்தியாலம் மிச்சப்படுத்துவதைவிட, படகிலிருந்து இறங்கிய மீன் ஐஸ் காணாமல் வெயிலில் கிடக்கும் ஒரு மணித்தியாலத்தைத் தவிர்ப்பதே பயன்தரும். மீனின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாகனம் புறப்படுவதற்கு முன்னரான நேரம்.

நண்டின் கதை இன்னும் இறுக்கமானது. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டின் சதை அமெரிக்கச் சந்தை வரை போகிறது. அதைப் பதப்படுத்தும் தொழிற்சாலைக்கான தூரம் பேலியகொடையைவிட மிகக் குறைவு. ஆனால் செத்த நண்டின் சதை மிக விரைவில் இளகிவிடும். காலை கரை சேர்ந்ததை அன்றே அவித்தாக வேண்டும். இங்கே பெரிய லொறிக்கு வேலையில்லை. பல கரைகளில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கி வரும் பட்டா வாகனமே பொருத்தம். குறைந்த ஓட்டம், நீண்ட நிற்பு என்ற அதே வடிவம் இங்கே இன்னும் கூர்மையாகிறது.

பழுதடைந்த சுமைக்கு யார் பொறுப்பு என்பதே இத்தொழிலின் தீராத வழக்கு. ஐஸ் குறைவாகப் போட்டவர் வியாபாரியா, பிந்திப் போனவர் வாகனக்காரரா, ஏற்கெனவே வாடிய மீனைக் கொடுத்தது கரையா? எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் பலவீனமானவரின் கூலியில்தான் கழிவு விழுகிறது.

5. வாகனத்தின் கணக்கு

ஒரு வாகனத்தோடு இத்தொழிலைத் தொடங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நேரக் கணக்கு அதை மறுக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்குப் புறப்படும் வாகனம் ஏழெட்டு மணித்தியாலத்தில் பேலியகொடை சேரும். இறக்கி, பெட்டி எண்ணி, பற்றுச்சீட்டு வாங்கி வெளியே வர விடிந்துவிடும். திரும்பி மன்னார் சேர மத்தியானம் கடக்கும். அன்று பின்னேரமே மறுபடி புறப்படுவதானால் சாரதி நித்திரை கொள்ள நேரமில்லை. அதிகாலையில் புத்தளம் வீதியில் நடக்கும் விபத்துகளின் பின்னால் இந்தக் கணக்கையும் தேட வேண்டும். தினமும் சேவை தருவதாக வாக்குக் கொடுப்பவருக்குக் குறைந்தது இரண்டு வாகனமும் மூன்று சாரதிகளும் வேண்டும். முதல் வாகனத்தின் லீசிங் முடியுமுன்னரே இரண்டாவதை எடுக்க நேர்வது இதனால்தான்.

நிலையான செலவுகளின் பட்டியல் நீளமானது. லீசிங் தவணை, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், அதற்கு முன் புகைப் பரிசோதனைச் சான்றிதழ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ், காப்புறுதி. காப்புறுதியில் வாடகைக்கு ஓடும் வாகனம் என்று பதியாமல் சொந்தப் பாவனை என்று பதிந்தால் கட்டணம் குறையும். விபத்து நேர்ந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். வாகனத்துக்கான காப்புறுதி உள்ளே இருக்கும் மீனைக் காப்பதும் இல்லை, அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். இவை எல்லாம் வாகனம் ஓடினாலும் நின்றாலும் வரும் செலவுகள். வருமானமோ ஓடினால் மட்டுமே வருகிறது.

இந்த இடைவெளியை 2022 பச்சையாகக் காட்டியது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபா. ஜூன் இறுதியில் 460 ரூபா. லீற்றருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் சிறு லொறி என்று வைத்துக்கொண்டால், 630 கிலோமீட்டர்ப் போய்வரும் பயணத்துக்கு 63 லீற்றர் வேண்டும். அதற்கு ஜனவரியில் 7,623 ரூபா. ஜூலைத் தொடக்கத்தில் 28,980 ரூபா.

விலையைவிடப் பெரிய அடி ஒதுக்கீட்டில் விழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறையில் லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர், வானுக்கு 20 லீற்றர் என்றே தொடக்க அளவு இருந்தது. மேற்சொன்ன கணக்கில் ஒரு லொறியால் வாரத்தில் ஒரு தடவைகூடக் கொழும்பு போய்த் திரும்ப முடியாது. ஓகஸ்ட் 22 முதல் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற, வெளியிணைப்பு இயந்திரப் படகுகளும் கரையில் கிடந்தன. டீசல் கிடைத்த வாகனத்துக்கு மீன் இல்லை, மீன் கிடைத்த நாளில் டீசல் இல்லை. லீசிங் தவணைக்கு மாத்திரம் இந்தக் காரணங்கள் எதுவும் பொருட்டில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப்புள்ளிகளால் உயர்த்தியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியும் அப்போது மூடியே கிடந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனம் விற்றவர் இலாபம் பார்த்தார். அதை வைத்துத் தொழில் செய்தவர் உதிரிப்பாகத்துக்கு அலைந்தார். கொழும்புப் பயணத்தில் நம்பகம் இழந்த ஒரு கன்டரை மாற்றுவதற்குக் கையில் பணம் இருந்தவருக்கும் வழி இருக்கவில்லை.

வருமானப் பக்கத்தின் பெரிய ஓட்டை திரும்பும் பயணம். மீன் ஏற்றிய பெட்டகத்தின் மணம் எவ்வளவு கழுவினாலும் போகாது. அதில் மாவையும் சீனியையும் ஏற்றக் கடைக்காரர் சம்மதிக்கமாட்டார். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்து மரக்கறிக்கும் அதே தடை. போதாததற்கு வெறும் பெட்டிகளும் கூடைகளும் கரைக்குத் திரும்ப வேண்டும். எடை இல்லை, ஆனால் இடம் முழுவதையும் அவை பிடித்துக்கொள்ளும். அவற்றுக்குக் கூலி தருவது அரிது. மணத்தால் கெடாத வலை, கயிறு, இயந்திர உதிரிப்பாகம், ரயர் ஆகியவையே திரும்பும் சுமைக்குப் பொருத்தமானவை. அவற்றைத் திரட்டக் கொழும்பில் ஆள் வேண்டும். இரண்டு வாகனம் வைத்திருப்பவரால் அங்கே ஓர் ஆளை வைத்திருக்க முடிவதில்லை.

6. கடல் எழுதும் அட்டவணை

மன்னார்த் தீவின் வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் பெயர்ந்தால் தென்கரை கொந்தளிக்க, தொழில் வடகரைக்கு நகரும். வாடை வீசினால் மறுபுறம். பேசாலை போன்ற ஊரில் இது சில கிலோமீட்டர் தூர மாற்றந்தான். ஆனால் வாகனம் நிற்க வேண்டிய இடமும், ஐஸ் எடுக்க வேண்டிய இடமும், பேச வேண்டிய தரகரும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறார்கள்.

வாரத்துக்குள்ளும் ஓர் அலை உண்டு. தமிழக இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி நாள்களில் வருவது நெடுங்கால வழக்கம். அந்த இரவுகளில் வலையை இழந்துவிடலாம் என்ற அச்சத்தில் உள்ளூர்ப் படகுகள் பல கடலுக்குப் போவதில்லை. இலங்கை 2017 இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பின்னும் இந்த அச்சம் நீங்கவில்லை. கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு ஓய்வு. எஞ்சும் நாள்களில் ஒரே நேரத்தில் நிறைய மீன் இறங்குகிறது. அன்று இருக்கும் வாகனம் போதாது, மற்ற நாள்களில் இருக்கும் வாகனத்துக்குச் சுமை போதாது. தமிழகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் வடக்கு மீனவரின் வலை பாதுகாப்பாக இருக்கிறது. மன்னார் வாகனக்காரரின் நாட்குறிப்பிலும் அது நல்ல காலம். எந்த லீசிங் ஒப்பந்தமும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மடுத் திருவிழா இந்தச் சுழற்சியில் தனியிடம் பெறுகிறது. ஓகஸ்ட் 6 இல் கொடியேறி 15 இல் முடியும் பெருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் இலட்சக்கணக்கில் மக்கள் திரள்கிறார்கள். மடுக் காட்டுக்குள் சில நாள்கள் ஒரு நகரமே எழுகிறது. தண்ணீர், ஐஸ், மரக்கறி, கூடாரம், ஒலிபெருக்கி என்று எல்லாமே வாகனத்தில் வர வேண்டும். அந்த நாள்களில் மீன் வாகனம் வைத்திருப்பவருக்குச் சுமை உள்நோக்கி வருகிறது. அவரது தொழிலில் ஆண்டு முழுவதும் இல்லாமற் போன திசை அதுதான். சுத்தமான பெட்டகம் உள்ள வாகனம் ஒன்றையாவது தனியாக வைத்திருப்பவர் இந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார். எல்லா வாகனத்தையும் மீனுக்கே ஒப்புக்கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்து 2020 ஒக்டோபரில் தெரிந்தது. பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி கண்டறியப்பட்டுச் சந்தை மூடப்பட்டது. நாடெங்கும் மக்கள் மீன் வாங்கப் பயந்தார்கள். முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக்காட்டி மக்களுக்குத் தைரியம் சொன்னார். ஒரே பாதையை நம்பியிருப்பதும் அப்படியே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் கலா ஓயாப் பாலத்தருகே பேருந்தில் சிக்கிய பயணிகளைக் கடற்படையினர் மீட்டார்கள். மன்னார் மீன் தினமும் போகும் அநுராதபுரம்–புத்தளம் வீதி அது. சந்தையும் பாதையும் ஒவ்வொன்றாகவே இருக்கும்போது, அவை மூடும் ஒவ்வொரு நாளும் வாகனக்காரரின் கணக்கில் கூலியில்லாத காத்திருப்பாகவே சேர்கிறது.

7. பிற இடங்களின் அனுபவம்

அமெரிக்காவில் கடுகதி வான் தொழில் கார்த் தொழிற்சாலைகளைச் சார்ந்து வளர்ந்தது. ஓர் உதிரிப்பாகம் வரப் பிந்தினால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்பதால், ஒரே ஒரு பெட்டிக்காகத் தனி வான் ஓடும். அங்கே 10,001 இறாத்தலுக்குக் குறைந்த வான்களுக்குப் பார வாகனங்களுக்கான மத்திய அரசின் ஓட்ட நேர விதிகள் பொதுவாகப் பொருந்துவதில்லை. அந்தச் சலுகை தொழிலை மலிவாக்கியது, சாரதியின் நித்திரையையும் சேர்த்தே. ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்திசையில் போகிறது. நாடு கடந்து சரக்கு ஏற்றும் 2.5 முதல் 3.5 தொன் வரையான வான்களுக்கும் 2022 மே முதல் அனுமதிப்பத்திரம் கட்டாயமானது. 2026 ஜூலை முதல் ஓட்ட நேரம் பதியும் கருவியையும் கட்டாயமாக்க முடிவெடுக்கப்பட்டது. இரண்டு அனுபவங்களிலும் பொதுவான ஒன்று உண்டு. அங்கே சாரதி ஏற்றும் இடத்தில் குறித்த நேரத்துக்கு மேல் காத்திருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது தொழிலின் வழமை. எப்போதும் கிடைத்துவிடுவதில்லை, ஆனால் கேட்பதற்குக் காகிதத்தில் ஓர் இடம் இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் தென்னிந்தியக் கரையில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாட்டில் 1960 களில் மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்து கரை ஏலத்தைத் தம் கையில் எடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1980 இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாகி, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பரவியது. கடன், சேமிப்பு, முதல் விற்பனை மூன்றையும் ஒரே சங்கத்தின் கீழ்க் கொண்டுவந்ததே அதன் சாதனை. முற்பணக் கட்டு தளர்ந்த இடத்தில் மீன் எப்போது, எவ்வளவு, எந்த வாகனத்தில் போகும் என்பதையும் சங்கமே முன்கூட்டிப் பேச முடிந்தது. கரையில் ஒழுங்கு வந்தால் வாகனத்தின் காத்திருப்பும் குறையும். போக்குவரத்துத் தொழிலின் நோய்க்கு மருந்து சில வேளைகளில் போக்குவரத்துக்கு வெளியே இருக்கிறது.

8. மதிப்பீடு

மூன்று விளக்கங்களுக்கும் இப்போது திரும்பலாம். பாதை திருந்தினால் போதும் என்ற விளக்கம், ஓட்டத்தை மட்டும் அளந்து நிற்பை விட்டுவிட்டது. வளம் பற்றிய விளக்கம் சுமை ஏன் நிச்சயமற்றது என்று சொல்கிறது, அந்த நிச்சயமின்மையின் செலவு யார் தலையில் விழுகிறது என்று சொல்வதில்லை. கடன் உறவு பற்றிய விளக்கமே உண்மைக்கு மிக அருகில் வருகிறது. வாகனத்தைக் காத்திருக்க வைக்கும் அதிகாரம் முற்பணம் கொடுத்தவரிடம் இருக்கிறது. காத்திருந்ததற்குக் கூலி கேட்கும் வலு வாகனக்காரரிடம் இல்லை. கிலோவுக்கு அல்லது பெட்டிக்கு இவ்வளவு என்று பேசும் கூலி முறையில் அந்த மணித்தியாலங்களுக்கு இடமே இல்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு நான்கு முடிவுகள் பெறலாம்.

ஒன்று, பெட்டிக் கூலியோடு கரையில் நிற்பதற்கான மணித்தியாலக் கூலியும் தனியாகப் பேசப்பட வேண்டும். முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம், அதன்பின் கட்டணம் என்ற எளிய ஏற்பாடே போதும். இரண்டு, ஏற்றும்போது மீனின் நிலை, ஐசின் அளவு, புறப்பட்ட நேரம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். பழுதின் பொறுப்பைப் பிரிப்பதற்கு வேறு வழியில்லை. மூன்று, தொழிலில் இறங்குபவர் இரண்டு வாகனத்துக்குக் குறைவாகத் தொடங்கக்கூடாது. இரண்டையும் மீனுக்கே ஒதுக்கவும் கூடாது. நான்கு, திரும்பும் சுமையைத் தனியொருவரால் திரட்ட முடியாது. மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தமக்கு வேண்டிய வலை, இயந்திரம், உதிரிப்பாகம் ஆகியவற்றைச் சேர்ந்து கொள்வனவு செய்தால், அந்தச் சுமை மீன் வாகனங்களிலேயே திரும்பலாம். பெட்டிகளைத் திருப்பி அனுப்பும் செலவையும் அக்கணக்கில் சேர்க்கலாம்.

நான்காவதில்தான் மற்ற மூன்றும் தங்கியிருக்கின்றன. தனி வாகனக்காரர் காத்திருப்புக் கூலி கேட்டால் முதலாளி அடுத்த வாகனத்தை அழைப்பார். சங்கம் கேட்டால் பேச உட்காருவார். மன்னார் மாவட்டக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டங்களில் ஐஸ், வலை, மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு வாகனக் கூலியும் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற வேண்டும். கூட்டத்துக்கு வாகனக்காரர்களையும் அழைக்க வேண்டும்.